வாசலில் கழற்றிய பூட்ஸ்

புதிதாகச் சேரும் தொண்டூழியர்கள் கேட்கும் கேள்விகளில் நெருப்பைப் பற்றிய கேள்வி அநேகமாக இருப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரப் பணியில் கழிப்பறைக்கு எப்போது போவது என்பார்கள். பாதிச் சாப்பாட்டில் மணி அடித்தால் தட்டை யார் மூடி வைப்பது என்பார்கள். நோன்பு மாதத்தில் ஆம்புலன்சுக்குள் இருக்கும்போது நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். புகை நாற்றம் பிடித்த சீருடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாமா என்பது எல்லாரும் கேட்பது. வீட்டில் கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்பது கேட்பவர் முகத்திலேயே தெரியும்.

எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் என் முகம் மாறிவிடுகிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். "வீட்டுக்குள்ள போறப்ப பூட்ஸ கழட்டணுமா?" என்ற கேள்வி அது. கழற்றக் கூடாது என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். கேட்டவர் அதற்குமேல் வாய் திறக்கமாட்டார். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் கேட்டவர்மேல் வருவதல்ல.

நான் பகலில் மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் ஆட்களுக்கு வேலை அட்டவணை போடுகிறவன். வீடு பொங்கோலில். நாற்பது வயதில் தொப்பையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் மிரட்டியபோது, சும்மா நடப்பதற்குப் பதில் ஏதாவது உருப்படியாகச் செய்யலாமே என்று தீயணைப்பு நிலையத்தில் தொண்டூழியனாகப் பெயர் கொடுத்தேன். மேடையில் ஏறிச் சொல்வதற்கு ஏற்ற காரணம் இல்லைதான். "கிச்சன் பைப் ஒழுகி மூணு வாரமாச்சு, இவரு ஊரு நெருப்ப அணைக்கப் போறாராம்" என்று என் மனைவி தன் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னதை நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். குழாயைச் சரிசெய்துவிட்டுத்தான் பயிற்சிக்குப் போனேன்.

இந்த ஊரில் ஆம்புலன்சும் தீயணைப்பு நிலையத்திலிருந்துதான் போகும். பயிற்சியில் என்னை ஆம்புலன்ஸ் பிரிவுக்கு எடுத்தார்கள். பாடப் புத்தகத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது: நோயாளியின் வீட்டுக்குள் நுழையும்போது காலணியைக் கழற்றக் கூடாது, தரையில் கண்ணாடித் துண்டு இருக்கலாம், ரத்தம் இருக்கலாம், நேரமும் வீணாகும். தேர்வில் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் எழுதினேன். ஆனால் மார்பை அழுத்தும் பயிற்சி நடந்த அறையில் நீல நிறப் பாய் விரித்திருந்தது. பாய் அழுக்காகிவிடக் கூடாதென்று எல்லாரும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். இரண்டு மாதம், வாரத்துக்கு இரண்டு முறை, கழற்றிவிட்டு உள்ளே போய் ரப்பர் பொம்மையின் உயிரைக் காப்பாற்றினோம். அதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் எந்த இனத்துக்காரர் வீடானாலும் செருப்பு வெளியேதானே கிடக்கிறது.

நான் பணியில் சேர்ந்து நாலு மாதம் இருக்கும். அன்று வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. தேக்கா சந்தைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பழைய அடுக்குமாடி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் கூடத்தில் விழுந்துவிட்டார், மூச்சில்லை. வண்டியில் நாங்கள் மூன்று பேர். ஓட்டுநர்; என்னைவிடப் பத்து வயது இளைய, ஆனால் அனுபவத்தில் எங்கேயோ இருக்கும் மலாய்க்காரப் பெண் பாராமெடிக், அதாவது அவசர மருத்துவப் பணியாளர்; அப்புறம் நான். பாராமெடிக்கிடம் மருந்துப் பை. என்னிடம் ஏஇடி, அதாவது நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி. ஓட்டுநர் தள்ளுபடுக்கையோடு அடுத்த மின்தூக்கியில் வருவதாகச் சொன்னார்.

ஒன்பதாவது மாடி. மின்தூக்கியிலிருந்து நாலாவது வீடு. வாசலில் மாவிலைத் தோரணம், ஈரம் காயாத சிறு கோலம், பக்கத்தில் செருப்பு அடுக்கு. அடுக்கின் மேல்தட்டில் ஒரு ஜோடி பெரிய பழுப்பு நிறத் தோல் செருப்பு இருந்தது. கதவுக்கு நேராக உள்ளே சாமி மாடம், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரும்புக் கதவைப் பிடித்தபடி ஓர் அம்மா நின்றிருந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் தொலைபேசி. உள்ளே பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல வீட்டுக்காரரின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். பாராமெடிக் பூட்ஸோடு கோலத்தைத் தாண்டி உள்ளே போனாள். நான் பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன்.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. பதற்றத்திலும் செய்யவில்லை. என் கை மிகவும் ஒழுங்காக வேலை செய்தது. வலது கால், இரட்டை முடிச்சு. இடது கால், இரட்டை முடிச்சு. கழற்றிய இரண்டையும் அந்தப் பழுப்புச் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தேன். உள்ளேயிருந்து பாராமெடிக் "பெட்டி எங்கே" என்று ஆங்கிலத்தில் கத்தியபோதுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலுறையோடு, கழுவிவிட்ட தரையில் ஒருமுறை வழுக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி சொன்னபடி விலகி நின்றோம், அதிர்ச்சி கொடுத்தோம், அழுத்தினோம், மறுபடி கொடுத்தோம். மூன்றாவது முறைக்குப் பிறகு கழுத்தில் நாடி வந்தது. கீழே இறங்கும்போது நான் காலுறையோடுதான் தள்ளுபடுக்கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பூட்ஸைப் பக்கத்து வீட்டு இளைஞர்தான் ஓடிவந்து வண்டிக்குள் போட்டார். மருத்துவமனையில் ஒப்படைத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. அதற்கப்புறம் அவருக்கு என்ன ஆனது என்று கேட்பது எங்கள் வழக்கமில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில் பாராமெடிக் என் காலைப் பார்த்தாள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலு நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் கோப்பிக் கடையில் யாரோ விட்டுப்போன தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினேன். மரண அறிவிப்புப் பக்கத்தில் அந்த அடுக்குமாடியின் பிளாக் எண், அந்த ஒன்பதாவது மாடி. படத்தில் இருந்த முகம் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை, ஏனென்றால் அவரை நான் தலைமாட்டிலிருந்து தலைகீழாகத்தான் பார்த்திருந்தேன். பத்திரிகையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அவர்தான். கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அன்று மாலை வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸைப் போட்டுக் கட்டினேன். தொலைபேசியில் நேரம் கணக்கிடும் பொத்தானை அழுத்திவிட்டு அவிழ்த்தேன். முப்பத்தெட்டு விநாடி. மறுபடியும் கட்டி மறுபடியும் அவிழ்த்தேன். முப்பத்தாறு. ஜோடியாக அடுக்கி வைப்பதையும் சேர்த்தால் நாற்பதைத் தாண்டியது. ஏழெட்டு தடவை செய்திருப்பேன். என் மனைவி கதவைத் திறந்து, என்ன பைத்தியமா என்றார். ஆமாம் என்றேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேலி பேசாமல் அவர் ஒரு விஷயத்தைக் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. கேட்டு முடித்துவிட்டு, பூட்ஸை வாங்கி அடுக்கில் வைத்து, சாப்பிட வரச் சொன்னார்.

அடுத்த பணி நாளில் பாராமெடிக்கிடம் கேட்டேவிட்டேன். அந்த அரை நிமிஷம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அவள் வண்டிக்குள் ஊசிப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதை நிறுத்தாமலே, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இதை உனக்கு யாராலும் சொல்ல முடியாது, என்னைச் சொல்லவைக்காதே என்றாள். பிறகு எண்ணி முடித்துவிட்டு, தானும் செருப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தன் அம்மா கன்னத்தில் ஒன்று வைப்பார் என்றும், ஒவ்வொரு தடவையும் வாசலைத் தாண்டும்போது அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தாண்டுவதாகவும் சொன்னாள். நடந்ததை அவள் மறைக்கவில்லை. காலணியால் முதல் அதிர்ச்சி தாமதமானது என்று மேலதிகாரியிடம் சொல்லியிருந்தாள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பயிற்சி அறையின் பாயைப் பற்றிச் சொன்னேன். அடுத்த மாதமே பாயை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நானும் உதவிக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து பழைய செருப்பு அடுக்கு ஒன்றைக் கொண்டுபோய் அறை வாசலில் வைத்தேன். சாக்கட்டியால் தரையில் ஒரு கோலமும் போட்டுவைப்பேன். என் கோலத்தைப் பார்த்தால் என் மனைவி சிரிப்பார். எல்லாரும் பூட்ஸோடு அதன்மேல் ஓடிவந்து பொம்மையிடம் முட்டி போடவேண்டும். யாராவது வாசலில் ஒரு நொடி தயங்கினால், மறுபடி தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய் ஓடிவரச் சொல்வேன். ஒருவரைப் பதினொரு முறை ஓடவிட்டேன் என்று இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். ஒன்பது முறைதான்.

தைப்பூசத்தன்று காவடி ஊர்வலம் போகும் வழியில், டோபி காட் பக்கம் முதலுதவிக் கூடாரத்தில் இருந்தேன். வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து வந்தவர்களின் பாதத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக் கட்டுவதுதான் நாள் முழுக்க வேலை. ஒருவர் தன் பாதம் என் மடியில் இருப்பதற்காக என்னிடம் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். அத்தனை வெறுங்காலுக்கு நடுவில் நான் மட்டும் கணுக்காலை மூடிய பூட்ஸில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. தீபாவளிக்கு முன்னால் தொண்டூழியர்கள் வீடு வீடாகப் போய்த் தீப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் வழக்கம் எங்கள் நிலையத்தில் உண்டு. அந்த வருஷம் எனக்கு வந்த தாளில் அந்த பிளாக் எண் இருந்தது. எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகள். மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று இரண்டு முறை தொலைபேசியை எடுத்தேன். காரணம் கேட்டால் சொல்லவேண்டியிருக்கும் என்று வைத்துவிட்டேன்.

என்னோடு வந்தவர் பாலர் பள்ளி ஆசிரியை. என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். சுவா சூ காங்கிலிருந்து வருகிறார். தேவாலயத்தில் ஞாயிறு பூசை நேரத்தில் ஒருவர் மயங்கி விழுந்தபோது தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று தொண்டூழியத்தில் சேர்ந்தவர். நான் ஒன்பது முறை ஓடவிட்டது அவரைத்தான். அவர் எல்லாரிடமும் பேசுவார், எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவரோடு போனால் ஒரு மாடி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

எட்டாவது மாடியில் கேள்விகள் வழக்கம்போல வந்தன. அகல் விளக்கைத் தாழ்வாரத்தில் வைத்தால் அபராதமா? மின்மிதிவண்டியை ராத்திரி முழுக்க மின்னூட்டத்தில் விடலாமா? எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது தெரியும், மூடி கைக்கு எட்டாவிட்டால் என்ன செய்வது? ஒருவர் தன் மாமியாரின் சாம்பிராணிப் புகையைக் குறைக்க நாங்கள் ஏதாவது சட்டம் சொல்லமுடியுமா என்று மெதுவாகக் கேட்டார். சட்டம் எதுவும் இல்லை என்று அக்கா வருத்தத்தோடு தெரிவித்தார்.

ஒன்பதாவது மாடிக்கு நான் முன்னால் போய்விட்டேன். அக்கா கீழ் மாடியில் கடைசி வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். மின்தூக்கியிலிருந்து நாலாவது வீடு. தோரணம் இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் தோரணம். செருப்பு அடுக்கு இல்லை. தாழ்வாரம் முழுக்க எல்லா வீட்டு வாசலிலும் இருந்தது, இந்த வீட்டில் மட்டும் இல்லை. இறந்தவரின் செருப்பைப் பார்க்கப் பொறுக்காமல் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மணியை அடித்ததும் அந்த அம்மாவே வந்தார். இளைத்திருந்தார். சீருடையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"நீங்கதானே தம்பி அன்னிக்கு இங்க நின்னு பூட்ஸ கழட்டுனது?" என்றார்.

இரண்டு வருஷமாக நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். அது வந்தபோது ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. யாராவது ஒருவர் கேட்டுவிட்டாரே என்றுதான் இருந்தது.

"ஆமாம்மா. கழட்டியிருக்கக் கூடாது. கழட்டாம உள்ள வரணும்னுதான் எங்களுக்கு ரூல். அந்தப் பெட்டி என்கிட்டதான் இருந்துச்சு. என் தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

இதைத் தொண்டூழியர் சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்றுதான் இருக்கும். சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார், இல்லையென்றால் கதவைச் சாத்துவார், இரண்டில் எதுவானாலும் எனக்குத் தகும் என்று நின்றேன். அவர் இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான்தானே கழட்டச் சொன்னேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை, காலையில்தான் வீட்டைக் கழுவிவிட்டிருந்தாராம். எங்களைப் பார்த்ததும், எப்போதும் யார் வந்தாலும் சொல்வதைப்போல, செருப்பை வெளியே விட்டுவிட்டு வாங்க என்று வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். முன்னால் போன பெண் காதில் வாங்காமல் உள்ளே போனாள். நான் நின்றேன், குனிந்தேன், கழற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வேண்டாம், அப்படியே வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லையாம்.

"மக கிட்டகூட சொல்லல. எப்படிச் சொல்றது, அப்பா உள்ள கெடக்குறப்ப நான் தரைய பாத்தேன்னு? அதுலேர்ந்து யார்கிட்டயும் செருப்ப கழட்டுங்கன்னு சொல்ல வாய் வரல தம்பி. ஏர்கான் ரிப்பேர்காரன், பார்சல்காரன், எல்லாம் செருப்போடதான் வந்துட்டுப் போறாங்க. ஏம்மா இப்படி விடுறேன்னு மக ஏசுறா. செருப்பு ஸ்டாண்டையும் தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. நான் பொங்கோலில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து முப்பத்தெட்டு விநாடியை அளந்துகொண்டிருந்த அதே நாள்களில், இங்கே ஒருவர் அதே விநாடிகளைத் தன்னுடையவை என்று வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்குத் துணைக்கு ஒருவரும் இல்லை. எனக்காவது மனைவி இருந்தார், திட்டாமல் விட்ட பாராமெடிக் இருந்தாள், ஓடவிட ஆட்கள் இருந்தார்கள்.

"இல்லம்மா" என்றேன். "நீங்க சொன்னது என் காதுல விழவே இல்ல. நீங்க வாயத் தொறந்து பேசுனதே இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானாத்தான் கழட்டுனேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"சும்மா என் மனசுக்காகச் சொல்லல இல்ல?"

"எங்க ட்ரெய்னிங் ரூம்ல பாய் போட்டிருந்துச்சும்மா. கழட்டிட்டுத்தான் உள்ள போவோம். அது அப்படியே பழகிப்போச்சு. நீங்க அங்க இல்லாட்டியும் நான் கழட்டியிருப்பேன்."

இதை எழுதும்போது நேர்மையாக இருக்கவேண்டும். அந்த வாசலை மனசுக்குள் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் கோலம் இருக்கிறது, பழுப்புச் செருப்பு இருக்கிறது, இரட்டை முடிச்சு இருக்கிறது. அந்த அம்மாவின் குரல் இல்லை. காதில் விழுந்து மறந்திருக்கலாமோ என்றால், அதை என்னால் இல்லை என்று சத்தியம் செய்யமுடியாது. ஆனால் அன்று அந்த வாசலில் நான் ஒரு நொடியும் தயங்காமல் சொன்னேன். அந்த நிமிஷம் வரை மன்னிப்பு வாங்கத்தான் நின்றிருந்தேன். அதைவிட அவசரமான வேலை அங்கே இருந்தது.

பாயைப் பற்றிச் சொன்னதைத்தான் அவர் நம்பினார். பாய் என்ன நிறம், எவ்வளவு பெரியது, எத்தனை பேர் அந்த அறையில் பயிற்சி எடுத்தோம் என்றெல்லாம் கேட்டார். நீலம் என்றேன். எத்தனை மாதம் என்றார். இரண்டு என்றேன். ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். பிறகு கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, கதவை முழுக்கத் திறந்தார்.

"உள்ள வாங்க. தண்ணி குடிங்க."

நான் குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. அன்று யாரும் உள்ளே விழுந்து கிடக்கவில்லை, நிதானமாகவே கழற்றினேன். அடுக்கு இல்லாததால் சுவரோரமாக வைத்தேன். கூடத்தில் அவர் கணவரின் படம் மாலையோடு இருந்தது. இந்த முறை நேராகப் பார்த்தேன். நல்ல உயரமானவராக இருந்திருக்கவேண்டும் என்று சொன்னேன். ஆமாம், அந்தச் செருப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்கவேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். நான் சமையலறை அடுப்புக் குழாயைப் பார்த்தேன், விளக்குக்குப் பக்கத்தில் திரைச்சீலை இல்லை என்று பார்த்துக்கொண்டேன், தாளில் குறித்தேன். தண்ணீர் குடித்தேன்.

அப்போது தாழ்வாரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. பாலர் பள்ளி அக்கா, வீடுகளில் கொடுக்கும் தீப் பாதுகாப்பு ஒட்டுவில்லைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார். என்னைக் காணவில்லையே என்று தேடியிருக்கிறார். ஒன்பது முறை ஓடிப் பழகியவர், வாசலில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே வந்துவிட்டது.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்கம்மா" என்றார் அந்த அம்மா.

சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றுவிட்டார். கை வாயருகே போயிற்று. என்னைப் பார்த்தார். அக்கா ஒற்றைக் காலை உள்ளே வைத்தபடி அவரைப் பார்த்தார், பூட்ஸ் இல்லாத என் காலைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். பூட்ஸைப் பற்றி நான் கத்திய கத்தெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்கும்.

"கழட்டுங்கக்கா" என்றேன். "மெதுவா கழட்டுங்க. இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல."